கரடிமட்டம் ரேடியோ எச்சில் வடித்த கதை

கரடிமட்டம் பூங்காவில், டேலியாச் செடிகளுக்குப் பின்னால், கம்பிவலை போட்ட சிமெண்டு அறைக்குள் இருபது வருஷமாக வாய் திறக்காமல் கிடந்த ரேடியோ, ஒரு ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் எச்சில் வடிக்க ஆரம்பித்தது. பாட்டு வரவில்லை, பேச்சு வரவில்லை, வெறும் கரகரப்புகூட வரவில்லை. ஒயரை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள், பெட்டிக்குள் எலி குடியிருந்தது. ஆனாலும் முன்பக்கத்துத் துணி நனைந்து, கனத்து, தொப்பை போட்டு, அதிலிருந்து ஒரு இழை இறங்கி, அறுந்துவிடாமல் ஆடி ஆடி, கடைசியில் தரையைத் தொட்டது. அதை முதலில் பார்த்தவள் சந்திரமதி. பேரூராட்சியில் துப்புரவு வேலை. பூங்காவும் பஸ் ஸ்டாண்டும் அவள் பொறுப்பு. ஆச்சரியப்பட அவளுக்கு நேரம் இல்லை. "எந்தக் கட்டையில போறவன் துப்பிட்டுப் போனானோ" என்று திட்டிக்கொண்டே பினாயில் வாளியை எடுத்து வந்தாள்.

துடைத்தாள், மறுபடி வடிந்தது. துடைத்தாள், மறுபடி வடிந்தது. மூன்று நாளில் அவளுக்குப் புரிந்துவிட்டது, இது வெளியிலிருந்து யாரும் துப்பியது இல்லை, பெட்டியே வடிக்கிறது என்று. அறுபது வருஷம் இந்த ஊருக்குப் பேசிய ரேடியோ குரலை மட்டும் வெளியே விட்டுவிட்டு, பேசியவர்கள் எச்சிலையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது இடம் போதவில்லை, அவ்வளவுதான். காலை பக்திப்பாட்டு வேளையில் பல் விளக்காத வாயின் புளிப்பு அடித்தது, விவசாய நிகழ்ச்சி நேரத்தில் புகையிலை வாடை, மத்தியானம் பெண்கள் நிகழ்ச்சிக்கு ஏலக்காய், கிரிக்கெட் வர்ணனைக்கு நேரங்காலம் இல்லாமல் இருமல் மிட்டாய். செய்தி நேரம் வந்தால்தான் அப்பாடா, வாளி வாளியாக, மஞ்சளாக, நூல் நூலாக, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. சந்திரமதி சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு வெறுங்கையால் வழித்தாள். கையுறை கேட்டாள். "ரேடியோ துடைக்கிறதுக்கெல்லாம் கையுறைக்கு விதி இல்லம்மா" என்றார் சூப்பர்வைசர். நடைபயிற்சிக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, அது அவள் வாயிலிருந்து வடிந்தது போல அவளை முறைத்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு மாதமும் அவளால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை, கரண்டியால்தான் சாப்பிட்டாள்.

எச்சிலாக இருந்தவரைக்கும் அது சந்திரமதியுடையது. அது வேறொன்றாக மாறிய கதையைச் சொல்ல எனக்கே குமட்டுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

மார்கழி முதல் வாரத்தில் டீக்கடை கோபிநாதன் நாயர், தன் கடையில் சந்திரமதிக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுக்கிற அதே நாயர், நடைபயிற்சியில் வழுக்கி, ரேடியோ அறை வாசலில் தேங்கிய எச்சில் குட்டையில் முழங்கால் பட விழுந்தார். எழுந்தார். பத்து வருஷமாக இருந்த மூட்டுவலி போயிற்று என்றார். போயிற்றோ இல்லையோ, விழுந்த வெட்கத்தில் சொன்னாரோ, யாருக்குத் தெரியும்? "ஆகாசவாணியாக்கும் இது! ஆகாசத்துலேர்ந்து வர்ற தெய்வவாக்கு. வாக்கு வந்த வாயிலேர்ந்து வர்றது எச்சிலா, அமிர்தமா? நீங்களே சொல்லுங்கோ" என்று பூங்கா நடுவில் நின்று கேட்டார். கேட்டது ஒருவர், சரி என்றது நாற்பது பேர்.

அதன் பிறகு கரடிமட்டத்தில் யாரும் அதை எச்சில் என்று சொல்லவில்லை. மலையூர் ஆயிற்றே, நாலாபக்கத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். ஆளுக்கொரு பாஷை, பாஷைக்கொரு பெயர், பெயருக்கொரு வைத்தியம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் செங்குட்டுவன், வடமொழிப் பெயர் எதற்கு, வானொலி என்று நம்மிடம் இருக்கிறதே, வானத்து ஒலி, ஆகவே இது தொண்டைக்கு மருந்து என்றார். உடனே பஜனை கோஷ்டி வரிசையில் நின்றது. பேக்கரி புட்டஸ்வாமி, எங்கள் கன்னடத்தில் பானுலி, அதற்கும் அதே அர்த்தம்தான் என்றார். அப்படியானால் யார் யாரைப் பார்த்து எழுதியது என்று இருவருக்கும் சண்டை வந்து, பன் ரொட்டி பறந்தது. துபாயிலிருந்து திரும்பிய பஷீர், அரபியில் இதாஆ என்பார்கள், ஒளித்துவைத்ததை ஊருக்கெல்லாம் பரப்புவது என்று அர்த்தம் என்று சொன்னதும், திருட்டுப்போன நகையைக் கண்டுபிடிக்க அதைத் தலையணையில் தடவிக்கொண்டு படுத்தது ஒரு குடும்பம். சர்ச்சுப் பாதர் பாவம், சும்மா இருந்திருக்கலாம். ரேடியோ என்பதற்கு மூலம் லத்தீன், சக்கரத்தின் ஆரக்கால் என்று பொருள், ஒளிக்கதிருக்கும் அதே பெயர், முன்கை எலும்பு ஒன்றுக்கும் அதே பெயர் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவைக்க, திங்கட்கிழமை விடிந்ததும் கை முறிந்தவன், சுளுக்கினவன், டாக்ஸி டயர் பஞ்சரானவன் எல்லோரும் அவர் வாசலில் வந்து நின்றார்கள். அந்த மனுஷர் அதற்குப் பிறகு பிரசங்கத்தில் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்வதில்லை.

தடவிக்கொண்டதோடு விட்டார்களா? குடித்தார்கள். அதுவும் எப்படிக் குடித்தார்கள் தெரியுமா? அண்ணாந்து! பித்தளைச் செம்பில் பிடித்து, உதட்டில் படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றி, தொண்டைக்குழி ஏறி இறங்க மடக் மடக்கென்று. யாராவது தெரியாமல் செம்பில் வாய் வைத்துவிட்டால், "ஐயையோ, எச்சில் பண்ணிட்டான்" என்று செம்பைக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தார்கள். அறுபது வருஷத்து அறிவிப்பாளன், அமைச்சன், பாடகன், பால் விலை சொன்னவன், வானிலை சொன்னவன் அத்தனை பேர் எச்சிலையும் குடிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் உதடு பட்டது மட்டும் ஆகாது. கர்மம். சந்திரமதி இதைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

ஆமாம், கயிறு. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். தை பிறந்ததும் ரேடியோ அறையைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டி, கோலம் போட்டு, செருப்போடும் துடைப்பத்தோடும் யாரும் உள்ளே வரக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மற்றவர்கள் போனார்கள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு சந்திரமதி போகப் பார்த்தாள்.

"நீ எங்கம்மா வர்ற?" என்றார் தலைவர் உத்தண்டராமன். பேரூராட்சித் தலைவர், இப்போது விழாக்குழுத் தலைவரும் அவரே.

"ரெண்டு மாசமா நான்தானேங்கய்யா உள்ள வந்து வழிச்சேன்?"

"அப்ப அது வேற."

"அதேதானேங்கய்யா வடியுது?"

"வேறன்னா வேறதான். நீ வெளிய கப்பு பொறுக்கு, போ."

அவள் கை இன்னும் நாறிக்கொண்டிருந்தது. சீயக்காய், எலுமிச்சை, மண், சாம்பல், எதற்கும் போகவில்லை. அந்தக் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, கோணியை விரித்து, அமிர்தம் குடித்தவர்கள் எறிந்த பேப்பர் கப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். வெளியூர்க்காரர்களுக்குத்தான் பேப்பர் கப். யார் யாரென்று தெரியாதே, செம்பைக் கொடுக்க முடியுமா?

இதோடு போயிருந்தால் சந்திரமதி பொறுத்துக்கொண்டிருப்பாள், பொறுத்துத்தானே பழக்கம். ஆனால் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். நளாயினி, ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும், சிரிப்பாள், கணக்குப் போடுவாள், கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள்; தொண்டையிலிருந்து ஒரு சத்தம், ஒரு முனகல், அழுகைச் சத்தம்கூட வந்ததில்லை. கோயம்புத்தூர் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நாக்கும் சரி தொண்டையும் சரி, அவளுக்கே தோன்றும்போது பேசுவாள் என்று அனுப்பிவிட்டார். சந்திரமதியின் புருஷன் குணராஜ், டீ பாக்டரியில் மூட்டை தூக்குகிறவன், அன்றைக்கு பஸ் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தான்.

அவனுக்குத்தான் முதலில் ஆசை தட்டியது. அவன் அப்பா அம்மா கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வீட்டில் அந்தக் காலத்தில் ரேடியோவை குவன் விதுலிய என்றுதான் சொல்வார்களாம், சிங்களத்தில் வானத்து மின்சாரம்.

"கரண்டு மதி, வானத்துக் கரண்டு! புள்ள நாக்குல ஒரு சொட்டு பட்டா போதும், உதறிக்கிட்டு எழுந்துரும்."

"எச்சிலுங்க அது. நான் கையில அள்ளியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"ஊரே குடிக்குது."

"ஊரு எதத்தான் குடிக்கல? என் புள்ள வாயில கண்டவன் எச்சில ஊத்த நான் விடமாட்டேன், ஆமா."

"அவ என்னை அப்பான்னு ஒரு தடவ கூப்பிட்டா அப்புறம் நான் செத்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு குணராஜ் அழுதான். சந்திரமதிக்கு அவன்மேல் பரிதாபமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. தனக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன? அம்மா என்று கூப்பிட்டுக் கேட்க ஒன்பது வருஷமாக அவள் காதும்தான் காத்துக் கிடக்கிறது. அதற்காக இதையா கொடுப்பது?

இதற்கிடையில் பூங்கா வாசலில் சிமெண்டு வளைவு எழும்பிவிட்டது. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் மாசி மாதம் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. வளைவில் என்ன பெயர் எழுதுவது என்றுதான் தகராறு. வானொலித் திருத்தலம் என்று ஆசிரியரும், ஆகாசவாணி அமிர்தகுண்டம் என்று நாயரும், பானுலி என்று புட்டஸ்வாமியும், ஏன், ரேடியோ என்று எழுதினால் ரேடியோவுக்குப் புரியாதா என்று டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்களும் நின்றார்கள். பெயர் எழுதுவார்கள், விடிவதற்குள் யாராவது தார் பூசுவார்கள். ஒருவன் பல்லை இன்னொருவன் உடைத்தான். உடைந்த பல்லுக்கும் அதையே தடவினார்கள். எச்சிலுக்குப் பெயர் வைக்க இத்தனை அடிதடியா என்று கேட்க அந்த ஊரில் ஒரு நாக்குக்கும் துணிச்சல் இல்லை.

கடைசியில் உத்தண்டராமன்தான் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஊரில் பேசாத பிள்ளை ஒன்று இருக்கிறது. திறப்பு விழாவில், அதிகாரி முன்னால், அந்தப் பிள்ளைக்கு அமிர்தம் கொடுப்போம். பேசினால் ஊருக்குப் பெருமை. அது வாய் திறந்து சொல்கிற முதல் சொல் எதுவோ அதுதான் தெய்வம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். அதையே வளைவில் எழுதிவிடுவோம், யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டு சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது. ஒவ்வொருவனுக்கும் பிள்ளை தன் சொல்லைத்தான் சொல்லும் என்று நம்பிக்கை.

அடுத்த ஒரு வாரம் சந்திரமதி வீட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! தோட்டத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய அந்த லைன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம் வந்தார்கள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார்கள், கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை, ஆனால் வந்தார்கள். செங்குட்டுவன் வாசலில் குனிந்து, உதட்டைக் குவித்தும் விரித்தும், "வா... னொ... லி... சொல்லு பாப்பா, முதல்ல உதட்டை இப்படி வச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தார். நாயர் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டு, "ஆகாசவாணி, மோளே, ஆகாசவாணி" என்றார். புட்டஸ்வாமி கிரீம் கேக் அனுப்பினார். நளாயினி வறுவலைத் தின்றாள், கேக்கைத் தின்றாள், ஒவ்வொருவர் வாயையும் உற்றுப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு அம்மா பக்கம் திரும்பி, உதட்டைக் குவித்தும் விரித்தும் செங்குட்டுவனைப் போலச் செய்து காட்டினாள். அந்த வாரத்தில் சந்திரமதி சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"மாட்டேன்னு சொல்லிருங்க" என்றாள் புருஷனிடம்.

"தலைவர் கேக்குறாரு மதி. மாட்டேன்னா உன் வேலை என்னாகும்?"

"போனா போகட்டும். என் புள்ளய வேடிக்க காட்டி அவுங்க வளைவுக்குப் பேரு வைக்கணுமா?"

குணராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ஆனால் விழா நாள் காலையில், சந்திரமதி விடியுமுன் கோணியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன பிறகு, பிள்ளைக்குத் தலை வாரி, தீபாவளிப் பாவாடையைக் கட்டி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

பத்தரை மணிக்கு அதிகாரி வந்தார். மாலை, பொன்னாடை, நாதஸ்வரம். வளைவின்மேல் ஏணி சாத்தி, பெயிண்டர் தூரிகையை நனைத்துவைத்துக்கொண்டு தயாராக இருந்தான். கயிற்றுக்கு வெளியே கப்பு பொறுக்கிக்கொண்டிருந்த சந்திரமதி, மேளம் நிற்கவும் நிமிர்ந்தாள். மேடைமேல் தன் மகள்! சிவப்புப் பாவாடை, தலை நிறைய கனகாம்பரம். பக்கத்தில் குணராஜ் கைகட்டி நின்றான். கோணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கயிற்றடியில் இரண்டு பேர் மறித்துக்கொண்டார்கள்.

"என் புள்ள அது, விடுங்கடா!"

"இரும்மா, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

மேடையில் உத்தண்டராமன் செம்பைத் தூக்கினார். அன்றைக்கென்று செய்தி நேரத்தில் பிடித்தது, கெட்டியானது. "அண்ணாந்துக்கோ பாப்பா" என்றார். செம்பு பிள்ளைமேல் பட்டுவிடக்கூடாதே, அதனால் ஒரு முழ உயரத்தில் பிடித்துக்கொண்டு, வலது கையால் சாய்த்து ஊற்றினார். அது இழையாக இறங்கியது, ஆடியது, பிள்ளையின் திறந்த வாய்க்குள் போய் விழுந்தது. ஆசிரியர் வா என்று உதட்டைப் பிரித்தார். நாயர் ஆ என்று வாயைப் பிளந்தார். ஊரே தன் தன் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, பிள்ளை வாயைப் பார்த்து நின்றது.

"நளா!" என்று கத்தினாள் சந்திரமதி. "முழுங்காத, நளா! எச்சிலு அது! முழுங்காத கண்ணு!"

நளாயினி அம்மா நின்ற பக்கம் திரும்பினாள். கன்னம் உப்பியிருந்தது. பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். ஒன்பது வருஷமாகத் திறக்காத தொண்டை திறந்து, அடிவயிற்றிலிருந்து, மேடை அதிர, மைக்கில் எதிரொலிக்க, வந்தது சொல்.

"த்தூ!"

தலைவர் முகத்தில் பாதி, பொன்னாடையில் பாதி, மேடைக் கம்பளத்தில் மீதி. ஆசிரியர் பொருள் சொல்லவில்லை, பாதர் மூலம் சொல்லவில்லை, நாயரோ பஷீரோ புட்டஸ்வாமியோ தங்கள் பாஷையில் இதற்கு என்ன என்று யோசிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நொடியில், அகராதி இல்லாமல் புரிந்தது. மேலே ஏணியிலிருந்த பெயிண்டர் மட்டும், ஒத்துக்கொண்ட வேலை ஆயிற்றே என்று, "சார், இதையே எழுதிடட்டுமா?" என்று கேட்டான்.

உத்தண்டராமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். பிறகு அவருக்குப் பழைய குரல் வந்தது.

"ஏய் சந்திரமதி! பாத்துக்கிட்டு நிக்கிற? வா இங்க. வந்து தொடை!"

கயிறு உயர்ந்தது. இரண்டு மாதமாக அவளை உள்ளே விடாதவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சந்திரமதி மேடை ஏறினாள். கம்பளத்தில் கிடந்ததைத் தாண்டிப் போய், மகள் முன்னால் மண்டியிட்டு, சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்தாள், நாக்கைத் துடைத்தாள், மோவாயைத் துடைத்தாள். குணராஜ் தலை குனிந்து நின்றான். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கீழ கெடக்கே, அதத் தொடைன்னா?"

சந்திரமதி நின்று, கம்பளத்தைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

"இதுல எது என் புள்ளயோட எச்சிலு, எது உங்க அமிர்தம்னு பிரிச்சு வைங்கய்யா. என் புள்ளயோடத நான் வந்து தொடச்சிட்டுப் போறேன். உங்க சாமிய நான் தொடக்கூடாது."

சொல்லிவிட்டு இறங்கினாள். பின்னால் ஊர் அந்தக் குட்டையைச் சுற்றி வட்டமாகக் குனிந்து நின்றது. துடைத்தால் அமிர்தத்துக்கு அவமரியாதை. விட்டால் லைன் வீட்டுப் பிள்ளையின் எச்சிலைக் கும்பிட வேண்டும். இப்படியா அப்படியா என்று ஐந்து பாஷையில் பேச்சு கிளம்பியது.

வளைவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, தேயிலைக்காட்டு ஏற்றத்தில் கால் வைத்த பிறகுதான் சந்திரமதிக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டாள். மகளைக் கீழே இறக்கி, இரண்டு தோளையும் பிடித்து, முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சொன்ன நீ? அங்க, மேடையில?"

நளாயினி வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"அம்மாவுக்குச் சொல்லு கண்ணு. இன்னொரு தடவ."

பிள்ளை மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். ஈரம் இல்லாமல், வாய் சுத்தமாக, பூங்கா இருக்கும் திசையைப் பார்த்து, "த்தூ" என்றாள்.